கொல்லிமலையில் ராத்தங்கல்: ஒரு சின்ன வரலாறு

முள்ளுக்குறிச்சிக்காரன் என்று தெரிந்ததும் வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “கொல்லிமலைக்கு வர்றோம், ரெண்டு நாள்ல என்னென்ன பாக்கலாம்?”

பதில் எனக்கு மனப்பாடம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். சோளக்காடு சந்தையில மலைவாழை, அன்னாசி, சீசன்ல போனா பலா. செம்மேட்டுல வல்வில் ஓரி சிலை. அறப்பளீஸ்வரர் கோயில், அதுக்குப் பின்னாடி ஆயிரத்துக்கும் மேல படி இறங்கினா ஆகாய கங்கை. இறங்க முடியாதவங்களுக்கு மாசிலா அருவி, நம்மருவி. பசங்க இருந்தா வாசலூர்ப்பட்டியில படகு. சீக்குப்பாறையில நின்னு கீழே சமவெளியப் பாக்கலாம். ராத்திரி தங்க விடுதி நிறைய வந்தாச்சு, குளிருக்கு நெருப்பு மூட்டி உக்காரலாம்.

கடைசியாகச் சொன்னேனே, ராத்திரி தங்குவது, இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான். அடிவாரத்து ஊர்களில் வயதானவர்கள் யாரிடமாவது “மலைக்குப் போறோம்” என்று சொல்லிப் பாருங்கள். “போயிட்டு ராத்தங்காம வந்துருங்க சாமி” என்பார்கள். ஏன் என்று கேட்டால் காட்டேரி, முனி, கருப்பு, காய்ச்சல், காத்து என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். காரணம் வேறு வேறு, அறிவுரை மட்டும் ஒன்று. கொல்லிமலையின் சுற்றுலா வரலாற்றை, வெளியாட்கள் அங்கே எப்போது ராத்தங்க ஆரம்பித்தார்கள் என்பதை வைத்தே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் விருந்தாளிகள்

கொல்லிமலைக்கு வெளியிலிருந்து போய், போன கதையைப் பதிவும் செய்துவைத்தவர்களில் நமக்குத் தெரிந்த முதல் ஆட்கள் பாணர்கள். புறநானூற்றின் 152ஆம் பாட்டும் 153ஆம் பாட்டும் வன்பரணர் பாடியவை. முதல் பாட்டில் ஒரு கூட்டம் காட்டு வழியே போகிறது. எதிரே ஒரு வேட்டைக்காரன். அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இவன் சாதாரண வேடனாக இருக்க முடியாது என்று ஊகித்து, கூட்டம் யாழெடுத்துப் பாடுகிறது. அவன் ஓரிதான். மான் கறியும் மதுவும் கொடுத்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளித் தருகிறான்.

அடுத்த பாட்டு இன்னும் சுவை. ஓரியிடம் போன கூத்தர்களுக்கு, குளத்தில் பூக்காத, மணியால் ஆன குவளைப் பூமாலை கிடைக்கிறது. கூடவே அணிகலனும் யானைகளும். கடைசியில் அவர்கள் ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. பசி தீர்ந்துபோனதால் இரண்டையும் மறந்துவிட்டார்களாம். வேலையை மறந்து வயிறார உட்கார்ந்திருந்த அந்தப் பொழுதைத்தான் இப்போது நாம் ‘லீவு’ என்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போனவர்கள் ஏழைகள், வரவேற்றவன் மலைக்குச் சொந்தக்காரன். கொடுத்தவன் அவன், வாங்கியவர்கள் இவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவோம்.

அந்த விருந்தும் நெடுநாள் நீடிக்கவில்லை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று கல்லாடனாரின் அகநானூற்றுப் பாட்டு (209) சொல்கிறது. அதே பாட்டு கொல்லியின் பலா மரங்களையும் சொல்கிறது. சோளக்காட்டில் இன்று நாம் பேரம் பேசும் பலாவுக்கு அவ்வளவு பழைய சான்று.

பாவை கொன்றாளா?

எட்டுக்கை அம்மன் கோயிலில் கேட்டால் கொல்லிப்பாவையின் கதையைச் சொல்வார்கள். முனிவர்களுக்குத் தொல்லை கொடுத்த அரக்கர்களைக் கொல்லத் தேவர்கள் செய்துவைத்த பாவை அவள். அழகைப் பார்த்து நெருங்குபவனைச் சிரித்தே கொன்றுவிடுவாள். மலைக்குக் கொல்லி என்ற பெயர் வந்ததே அதனால்தான் என்பார்கள்.

சங்கப் பாட்டுகளில் பாவை இருக்கிறாள், ஆனால் இந்தக் கதையின் முழு வடிவம் அங்கே இல்லை. குறுந்தொகை 89 (பரணர்), 100 (கபிலர்), நற்றிணை 192, 201 எல்லாவற்றிலும் அவள் தலைவியின் அழகுக்கு உவமையாகத்தான் வருகிறாள். காற்றடித்தாலும் மழை கொட்டினாலும் இடி விழுந்தாலும் நிலம் அதிர்ந்தாலும் அவள் உரு குலையாது என்கிறது நற்றிணை 201. கபிலர் பாட்டில் மலை ஓரியுடையது, பரணர் பாட்டில் சேரனுடையது. பாவை ஒருத்திதான், மலையின் உரிமை மட்டும் பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது.

ஆனால் பரணர் அந்த மலைக்குக் கொடுக்கும் அடைமொழி முக்கியம். அச்சம் முற்றிய மலை என்கிறார். ஆக, சிரித்துக் கொல்லும் கதை பின்னால் வளர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும், பயம் அப்போதே இருந்திருக்கிறது.

சாமி கும்பிடப் போனவர்கள்

பயம் இருந்தாலும் ஆட்கள் போகாமல் இல்லை. அறப்பள்ளி தேவார வைப்புத்தலம். தனிப் பதிகம் இல்லாவிட்டாலும் சம்பந்தரும் அப்பரும் தலங்களை அடுக்கிப் பாடும்போது கொல்லியின் அறப்பள்ளியையும் சேர்த்திருக்கிறார்கள். கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் அம்பலவாண கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்வரை போய்ச் சேர்ந்த நூல்.

கோயிலை ஒட்டி ஓடும் ஐயாறுதான் ஆகாய கங்கையாக விழுந்து, திருச்சி மாவட்டப் பக்கம் புளியஞ்சோலையில் தரையிறங்கி, பிறகு காவிரியில் சேர்கிறது. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கரைக்குப் போகிற மாதிரி, இந்தப் பக்கத்து ஜனம் காவிரிக்கு நீர் கொடுக்கும் இந்த மலைக்கே போய்விடும். ஆற்றில் குளியல், மீனுக்குப் பொரி, சாமி தரிசனம், சாப்பாடு. இப்போது ஆடி 17, 18 தேதிகளில் அரசே செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடத்துகிறது. வில்வித்தைப் போட்டி, கண்காட்சி, கலை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. நாமக்கல் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையும் விடுவார்கள். தன் மலைக்காகக் கொலையுண்டவன் பெயரில் நமக்கு ஒரு நாள் லீவு!

ஆடிக் கூட்டத்துக்குத் தெய்வத்தின் துணை உண்டு, கூட்டத்தின் துணையும் உண்டு. அது வருஷத்துக்கு ஒரு தடவை. தனியாக, காரணமில்லாமல், சும்மா ஜாலிக்காக மலையில் ராத்தங்கும் பழக்கம் சமவெளிக்காரர்களுக்கு இல்லை.

ஏற்காடு ஏன் ஏற்காடானது, கொல்லி ஏன் ஆகவில்லை?

வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து மலை தேடிய காலத்தில், சேலம் மாவட்டத்தில் அவன் கண்ணெதிரே இருந்தவை சேர்வராயனும் கொல்லியும். உயரத்தில் கொல்லி ஒன்றும் மோசமில்லை. மேல்பகுதி 1000 முதல் 1300 மீட்டர் வரும். தண்ணீரும் தாராளம். ஆனால் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிக் கன்று நட்டது சேர்வராயனில். பிறகு அங்கேதான் பங்களா, ஏரி, தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. ஏற்காடு ‘ஏழைகளின் ஊட்டி’ ஆனது.

கொல்லியை அவர்கள் தவிர்த்ததற்குப் பெரிய காரணம் காய்ச்சல். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் காட்டும்வரை, காட்டுக் காற்றே நஞ்சு என்றுதான் படித்தவர்களும் நினைத்தார்கள். நம்ம ஊர்க்காரர்கள் அதையே “காத்து அடிச்சிருச்சு” என்றார்கள். பெயர்தான் வேறு, புரிதல் கிட்டத்தட்ட ஒன்று.

இங்கேதான் அந்த ‘ராத்தங்காதே’ எனக்கு விளங்கியது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசு பொழுது சாய்ந்தபின், விடிவதற்குள்தான் பெரும்பாலும் கடிக்கும். பகலில் ஏறிப் பகலிலேயே இறங்கியவன் பிழைத்தான், ராத்தங்கியவன் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நடுங்கிக்கொண்டு படுத்தான். கொசுவைத் தெரியாத ஜனம், நடந்ததைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஒரு விதி செய்து வைத்திருந்தது என்றே நான் நினைக்கிறேன். காட்டேரி, முனி எல்லாம் அந்த விதியை மறக்காமல் இருக்கப் போட்ட முடிச்சுகள்.

இந்த விதியை மீறித் தங்கிய ஒரு குடும்பத்தின் கதை நன்றாகப் பதிவாகியிருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் தம்பதி. இங்கிலாந்துக்காரர்கள், மிஷனரிகள். 1913இல் சேந்தமங்கலத்தில் கல்யாணம் முடித்து நேராக மலையேறி, வாழவந்தியில் மர வீடு கட்டிக் குடியிருந்தார்கள். ஜெஸ்ஸி கொஞ்சம் வைத்தியம் படித்தவர். நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுப்பதிலிருந்து பல் பிடுங்குவதுவரை செய்திருக்கிறார். 1929இல் கருநீர்க் காய்ச்சலில், அதாவது மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் நோயில், மலையிலேயே இறந்தார். 1914இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் சிஎம்சியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்து, உலக மருத்துவ வரலாற்றில் இடம் பிடித்தவர்.

எவலின் ஊருக்குத் திரும்பிவிடவில்லை. மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எழுபதை நெருங்கும் வயதில், மறுபடி கொல்லிமலை ஏறினார். மட்டக்குதிரை மேல் ஏறி, பச்சைமலை, கல்வராயன்மலை என்று அலைந்தார். 1974இல் 95 வயதில் இறந்து, வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கமானார். அவர்களுடைய மதப் பணி பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், கொல்லிமலையில் வெளியாள் ராத்தங்கினால் என்ன விலை என்பதற்கு வாழவந்திக் கல்லறை ஒரு சாட்சி.

காய்ச்சல் அடங்கியது சுதந்திரத்துக்குப் பிறகுதான். 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் வந்தன. வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. அடித்தார்கள். அதன்பிறகுதான் ரோடும் பஸ்ஸும் விடுதியும் அர்த்தமுள்ளவை ஆயின.

துருக்கியில் ஒரு போத்ரும்

இது நமக்கு மட்டும் நடந்த கதையில்லை. துருக்கியின் தெற்குக் கடற்கரை இப்போது கோடிக்கணக்கான ஆட்கள் வந்து நீந்தி, படகேறி, விடியவிடிய ஆடிவிட்டுப் போகிற இடம். போன நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அங்கே பல பகுதிகளில் மலேரியா. கோடை வந்தால் உள்ளூர்க்காரர்கள் கடற்கரையை விட்டு ‘யாய்லா’ என்னும் மலை மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறிவிடுவார்கள். அங்கே கடற்கரையில் காய்ச்சல், மலையில் சுகம். நமக்கு மலையிலேயே காய்ச்சல்.

ஏஜியன் கடலோரத்துப் போத்ரும் இன்னும் விசேஷம். இன்று கலகலப்புக்குப் பேர்போன அந்த ஊர் அன்று தண்டனை இடம். கோட்டை சிறைச்சாலையாக இருந்தது. 1925இல் செவாத் ஷாகிர் என்ற எழுத்தாளரை, ஒரு கதை எழுதிய குற்றத்துக்காக, அங்கே நாடு கடத்தினார்கள். மனுஷன் ஊரைப் பார்த்து மயங்கிப்போய், தண்டனை முடிந்தும் திரும்பி வந்து குடியேறிவிட்டார். ‘ஹாலிகர்னாசஸ் மீனவன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டு, கடல்பஞ்சு எடுக்கும் படகில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு கரையோரம் சுற்றினார். ‘நீலப் பயணம்’ என்ற பெயரில் இன்று விற்கும் படகுச் சுற்றுலாவுக்கு வேர் அதுதான்.

அந்தப் பயணத்தில் மீனவரின் படகு, மீனவரின் ரொட்டி, மீனவரின் வழித்துணை. இப்போது ஆடம்பரப் படகுகளும் ஹோட்டல்களும் கரையை அடைத்திருக்கின்றன. பயம் போன இடத்துக்குப் பணம் வந்தால், அடுத்து எழும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அந்த இடம் இனி யாருடையது?

அடிவாரத்திலிருந்து பார்த்தால்

கொல்லிக்கும் போதமலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கில் இருக்கிறது எங்கள் ஊர். குறிஞ்சி நிலத்து ஊர் குறிச்சி, இங்கே முள்ளுக்காட்டுக் குறிச்சி. ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, மெட்டாலா வழியாக வந்தால் மலையேறும் இரண்டாவது பாதை எங்கள் பக்கம்தான். காரவள்ளிப் பாதையில் மண் சரிந்தாலோ ரோட்டு வேலை நடந்தாலோ வண்டிகளை இந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் முள்ளுக்குறிச்சி பேரு பேப்பர்ல வரும்.

சுற்றுலாக்காரர்களுக்கு இது ஏறும் வழி. எங்களுக்கு இது ரொம்ப நாளாக இறங்கும் வழி. மலைவாசிகள் மிளகு, பலா, வாழை சுமந்துகொண்டு நடந்து இறங்கி, உப்பும் துணியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு ஏறிய வழி. பிரசவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இறங்கிய வழி. அவர்கள் மலையாளிகள். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் மூன்று மலையில் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய வழிக்கதை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று மலை முழுக்க 14 நாடு. நாட்டுக்கு நாடு ஊர்க்கவுண்டர், சாமி, வழக்கு எல்லாம் உண்டு.

கொல்லியைக் காய்ச்சல் கொன்றது உண்மை. மலையாளிகளையும் அது கொன்றது, அவர்களுக்குத் தனிச் சலுகை எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அதே காய்ச்சல்தான் அந்த மலையை இன்னொரு ஏற்காடாக விடாமலும் தடுத்தது. சேர்வராயனில் காபித் தோட்டம் வந்து நல்ல நிலமெல்லாம் வெளியாள் கைக்குப் போனபோது, கொல்லியில் சாமையும் தினையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டு மலையாளிகள் தங்கள் நிலத்தில் இருந்தார்கள். பாவை காவல் காத்தாள் என்று அவர்கள் சொன்னால், வரலாற்றுப்படி அதை அவ்வளவு சுலபமாக மறுக்க முடியாது.

ரோடு வந்ததும் முதலில் மாறியது வயல். லாரி வந்தது, சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது, சாமை போன காட்டில் மரவள்ளி ஏறியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து அங்கே வேலை செய்து, சிறுதானியம் அரைக்கும் எந்திரங்களைப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்து, பழைய சாமை வகைகளைத் திரும்பப் பயிரிட வைக்கப் பாடுபட்டிருக்கிறது. வயலுக்குப் பிறகு நிலம். வெளியூர்க்காரர்கள் வாங்குகிறார்கள், விடுதி எழும்புகிறது, நிலத்துக்காரர் வீட்டுப் பையனே அதில் அறை கூட்டும் வேலைக்குப் போகிறான்.

புறநானூற்றை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அங்கே விருந்தாளி ஏழை, வரவேற்றவன் மலைக்குரியவன். இப்போது தலைகீழ். காரில் வருபவன் காசுக்காரன், மலைக்குரியவன் தட்டுக் கழுவுகிறான். கள்ளும் கறியும் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அன்று அதைக் கொடுத்தவனுக்குப் பாட்டு கிடைத்தது. இன்று அருவிக்கரையில் உடைந்த பாட்டில் கிடைக்கிறது.

எதிர்ப்பக்கம் போதமலையையும் ஒரு பார்வை பாருங்கள். அங்கேயும் அதே மலையாளிகள்தான். கீழூர், மேலூர், கெடமலை ஊர்களுக்கு ரோடு இல்லாமல் தேர்தலுக்குத் தேர்தல் வாக்கு எந்திரத்தைத் தலைச்சுமையாகக் கொண்டுபோன செய்தி படித்திருப்பீர்கள். அங்கே பார்க்கப் பெரிய அருவி இல்லை, விழா இல்லை. விடுமுறைக்காரன் தேடாத மலைக்கு ரோடு எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதையும் இந்தப் பள்ளத்தாக்கில் நின்றுதான் பார்க்க முடியும். அதனால் சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ரோட்டில் லாரி, கார் மட்டுமில்லை, 108 வண்டியும்தான் போகிறது.

ஆகவே, “என்னென்ன பாக்கலாம்?” என்று கேட்பவர்களுக்கு இப்போது என் பட்டியலில் இன்னும் நாலு வரி சேர்த்துச் சொல்கிறேன். சந்தையில் மிளகும் தேனும் மலையாளி அம்மாக்களிடம் நேராக வாங்குங்க, அம்பது ரூபாய்க்குப் பேரம் பேசாதீங்க. வாழவந்தியில் அந்த இரண்டு கல்லறையைப் பாருங்க. சாமைச் சோறு எங்கே கிடைக்கும்னு கேட்டு, ஒரு வேளையாவது அதைச் சாப்பிடுங்க. கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கீழே கொண்டுவாங்க.

ராத்தங்குறதா? தாராளமாத் தங்குங்க. ஆனா முடிஞ்சா மலையாளி ஒருத்தர் நடத்துற வீட்டுல, இடத்துல தங்குங்க. கொடுக்கிற வாடகை அந்த மலைக்குள்ளேயே நிக்கும். மறுநாள் இறங்கும்போது முள்ளுக்குறிச்சி வழியா வாங்க, டீ நான் வாங்கித் தர்றேன்.